முன்னே ஜில், பின்னே புழுக்கம்

மெட்ரோ பணியால் சென்னை ஓ.எம்.ஆரில் வண்டிகள் ஊரும் நேரம். சிறுசேரியிலிருந்து தாம்பரம் கிளம்பிய ஏழு பேர் வண்டியில் முன்சீட்டில் குளிர் நடுக்கம். கடைசி வரிசைப் பாட்டி கையில் விசிறி. ‘ஏ.சி. கேஸ் போச்சு, அடிச்சிடலாம்’ என்பது பல பட்டறைகளின் முதல் பதில். பெரும்பாலும் அவசரப் பதில்.

2005-இல் இந்தியாவுக்கு வந்த இன்னோவா போன்ற வண்டிகளில் பின்வரிசைக்குத் தனி கூலிங் காயில், தனி புளோயர் உண்டு. கம்ப்ரசரும் கண்டென்சரும் பொது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது குளிரை அல்ல, காற்றின் வேகத்தை. பின்னால் காற்றே மெலிந்து வந்தால் புளோயர், அதன் ரெசிஸ்டர், தூசி அடைத்த காயில் ஆகியவற்றில் ஒன்று காரணம். காற்று பலமாக வீசியும் வெதுவெதுப்பாக இருந்தால்தான் எக்ஸ்பான்ஷன் வால்வையும் கேஸையும் சந்தேகிக்கலாம்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகிறதா? கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள்.

கேஸ் குறைந்தால் இரண்டு காயில்களும் ஒரே அளவில் பட்டினி கிடப்பதில்லை. ஒன்று குளிரும், மற்றொன்று ஏங்கும். ஆனால் கேஸ் பெட்ரோல்போலச் செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கோவளம் பக்கத்து உப்புக்காற்று கண்டென்சரை அரிக்கக்கூடும். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்பினால் பணமும் அதே ஓட்டை வழியே போகும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஒவ்வொரு வென்ட்டிலும் வைத்துக் குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்கோடு பேசுவது எளிது. கேஸ் அடிப்பதானால், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலுள்ள கிராம் அளவுப்படி எடை பார்த்து அடிக்கச் சொல்லலாம். அளவு கூடினாலும் குளிர் குறையும்.