மார்பகப் புற்றுநோயும் தம்பதியரும்

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் தங்கள் கோயில் வரிக்கு ஆட்களைத் தனித்தனியே எண்ணுவதில்லை. மணமான தம்பதியரை ஒரு ‘புள்ளி’ என எண்ணுவர். மணமான மகனையும் மருமகளையும் அதே பெரிய வீட்டினுள் தனியே சமைத்துக்கொள்ளச் செய்யும் ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கமும் அவர்களிடையே உண்டு. நம் சபையார் பெரும்பாலும் அச்சமூகத்தினர் அல்லர். எனினும், கூட்டுக்குடும்பத்தின் நடுவிலும் கணவன் மனைவி இருவருக்கென ஓர் இடம் ஒதுக்கும் இம்மரபை அவ்வட்டாரத்தில் பணிபுரியும் ஆயர்கள் எண்ணிப்பார்ப்பது நலம். ஏனெனில் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் எனத் தெரியவரும் நாளில், அவ்விருவரும் தனித்துப் பேச இடமில்லாமற் போவதையே நாம் அடிக்கடி காண்கிறோம்.

பரிசோதனை முடிவு கணவர் கையிலோ அவர் தமையனார் கையிலோ கொடுக்கப்படுகிறது. நோயுற்றவரிடம் “வெறும் கட்டிதான்” என்கிறார்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ பேருந்து ஏறும்போதே அவர் உண்மையை உணர்ந்துவிடுகிறார்; ஆயினும் கணவர் மனமுடைந்துவிடுவாரே என அஞ்சி, அறியாதவர்போல் இருக்கிறார். கணவரோ கொல்லைப்புறத்தில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறார். மகளுக்கு வரன் பார்க்கும் வீடாயின் மௌனம் இன்னும் இறுகும். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்னும் அச்சமே காரணம். உண்மையில் இந்நோயாளரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையில்தான் பரம்பரைக் கூறு தெளிவான காரணமாக இருக்கிறது.

இம்மௌனம் அன்பினால் விளைவதே, அதனைப் பழிப்பதற்கில்லை. ஆனால் துணைவரைக் காக்கும்பொருட்டுக் கவலையை மறைப்பவர், தம் துயரத்தையே பெருக்கிக்கொள்கிறார் என ஆய்வுகள் பல காட்டியுள்ளன. ஒருவருக்கு நேரும் நெருக்கடி இருவருக்கும் உரியது. அதனை இருவருமாகவே எதிர்கொள்ள வேண்டும் என்னும் கருத்தைச் சுவிட்சர்லாந்து உளவியலார் கை போடன்மன் 1990களிலிருந்து விரித்துரைத்து வருகிறார். 1974 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டின் துணைவியார் பெட்டி ஃபோர்டு மார்பக அறுவைக்கு உட்பட்டபோது, தம்பதியர் அதனை மறைக்கவில்லை. அதன்பின் திரளான பெண்கள் பரிசோதனைக்கு முன்வந்தனர். நம் அண்டையிலுள்ள புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. புற்றுநோய் என்றாலே மரணம் என்று கருதப்பட்ட காலம் அது. இன்றோ, தொடக்கத்திலேயே கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாக்கக்கூடியது. மறைத்து நாள் கடத்துவதே ஆபத்து.

பேச வேண்டியவை எவை? முதலாவது, உடல். மார்பகம் முழுவதையும் அகற்றுதல் எல்லாருக்கும் தேவையன்று; கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுத் தருவதும், தகுந்த நோயாளருக்கு அதே அளவு ஆயுட்காப்பைத் தரும் என்பதை 1985இல் பெர்னார்டு ஃபிஷர் குழுவினரின் ஆய்வு காட்டிற்று. இத்தெரிவைப் பற்றி மருத்துவர் கூறும்போது இருவரும் அங்கிருத்தல் வேண்டும். கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பின், தொலைபேசி வழியாகவேனும் அதே சொற்களை அதே வேளையில் அவரும் கேட்கட்டும். ஒருமுறைதான் விடுப்பு உண்டெனில், எப்பொழுது வரவேண்டுமென்பதை மனைவியிடமே கேட்பது நன்று. பலருக்கு அறுவை நாளைவிட, மருந்தேற்றத் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி உதிரும் நாட்களே கொடியவை. பூச்சூட முடியாத தலை நம் பெண்களுக்கு எதை நினைவூட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தழும்பை முதன்முதலில் பார்ப்பதும் எளிதன்று. கணவர் விலகிப் படுப்பது அவளை நோகச் செய்யாதிருக்கவேண்டும் என்பதற்காக இருக்கலாம்; மனைவியோ அதை அருவருப்பு என்று கொள்கிறாள். இந்நோய் தொற்றாது. வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதுமில்லை, தொடுவதால் தீங்கில்லை. ஐந்தாண்டு அல்லது அதற்கு மேலும் உட்கொள்ளும் தமொக்சிஃபன் போன்ற மாத்திரைகளால் உடற்சூடும் வறட்சியும் உண்டாகி, தாம்பத்திய உறவு வேதனையாகலாம். இதனை மருத்துவரிடம் கேட்கலாம் என்பதையே பலர் அறியார். அக்குளில் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்டிருப்பின் அப்பக்கத்துக் கை வீங்கக்கூடும். குடம் தூக்குவதையும் ஆட்டுக்கல்லையும் கணவர் ஏற்பது வெறும் உபகாரமன்று, அது சிகிச்சையின் பகுதியே.

2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மூளைக்கட்டி முதலிய கடும் பிணியுற்ற 515 பேரை ஆராய்ந்தது. நோயுற்றவர் பெண்ணாயின் நூற்றுக்கு 20.8 மணங்களும், ஆணாயின் 2.9 மணங்களும் முறிந்தன என்று அது கண்டது. எனினும் 2007இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வில் மார்பகப் புற்றுநோயினால் மணமுறிவு மிகுந்ததாகக் காணப்படவில்லை. நம் நாட்டில் மணமுறிவு எண்ணிக்கை அளவுகோலாகாது. ஒரே கூரையின்கீழ் முறிந்துபோன உறவுகள் எக்கணக்கிலும் ஏறா.

ஆயரின் பணி இங்கே நுண்மையானது. திருமண ஆராதனையின் உடன்படிக்கையில் நோய்க்காலமும் சேர்ந்தே இருப்பதை அவர் அறிவார். ஆனால் அதனைக் கணவருக்கு எடுத்துரைக்கும் வேளை இதுவன்று. நோயின் பெயரையோ இடத்தையோ, அப்பெண்ணின் இசைவின்றிச் சபையில் அறிவித்து மன்றாடுதல் கூடாது. பாவத்தின் பலன் என்று உறவினர் பேசினால், அதை அவர் அங்கேயே மறுத்தல் வேண்டும். சந்திக்கச் செல்லும்போது இருவரையும் சேர்த்துச் சிறிது நேரம் அமரச்செய்து, பின்பு உறவினரை முகப்புக்கு அழைத்துவந்து தாமே அவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம். உள்ளே அத்தம்பதியருக்கு அரைமணி நேரம் கிடைக்கும். வேறொரு நாள் கணவரைத் தனியே கண்டு, அவர் உறங்கினாரா, உண்டாரா, கடன் எவ்வளவு என்று கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்கு உதவி உண்டென்பதை அவர் அறிந்திராவிடின், விண்ணப்பிக்கத் துணை செய்யலாம்.