தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க: ஒரு தடவை சாவியைத் திருப்பினா லட்ச ரூபாய் போகலாம்!

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ என் ஆபீஸ் நண்பரோட கார் வேளச்சேரியில ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. வண்டிக்கு மூன்றரை வயசு, இஎம்ஐ இன்னும் ஓடிட்டிருந்துச்சு. தண்ணி வடிஞ்சதும், "ஓடுதான்னு பார்ப்போம்"னு சாவியைத் திருப்பினார். "டக்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் லாக்!

உள்ளே என்ன நடந்தது?

சிலிண்டருக்குள்ள காத்தை அழுத்த முடியும், தண்ணியை அழுத்த முடியாது. ஏர் இன்டேக் வழியா தண்ணி உள்ளே போன பிறகு ஸ்டார்ட் பண்ணா, பிஸ்டன் மேலே வரும்போது தண்ணியில முட்டி நிக்கும். கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் உடைஞ்சே போகும். இதைத்தான் ஹைட்ரோ லாக்னு சொல்றாங்க. டீசல் இன்ஜின்ல கம்ப்ரஷன் அதிகம், அதனால கொஞ்சம் தண்ணியே போதும்.

சரி, என்ன செய்யணும்?

1. சாவியைத் திருப்பாதீங்க. புஷ் பட்டனையும் தொடாதீங்க.
2. தண்ணி எந்த மட்டம் வரை வந்துச்சுன்னு தெரியற மாதிரி போட்டோ, வீடியோ எடுங்க. கிளெய்முக்கு இதுதான் ஆதாரம்.
3. தண்ணி வடிஞ்சதும் பேட்டரியோட நெகட்டிவ் கனெக்‌ஷனைக் கழட்டுங்க. பழக்கம் இல்லைன்னா மெக்கானிக்கை விட்டுச் செய்யச் சொல்லுங்க.
4. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிட்டு, வண்டியை டோ பண்ணியே சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்க.
5. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு. ஏர் ஃபில்டர் நனைஞ்சிருந்தா, தண்ணி இன்ஜின் வரைக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, இன்ஜினைக் கையால சுத்தித் தண்ணியை வெளியேத்துவார். அப்புறம் ஆயில், ஃபில்டர் மாத்துவார். அந்தக் கட்டத்துல பிடிச்சுட்டா செலவு ஆயிரங்கள்லயே முடியும்.

சாம்பலும் சேர்ந்தா?

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இருக்கறவங்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பல் புதுசு இல்லை. இது சிலிகா கலந்த நுண்ணிய தூள். ஏர் ஃபில்டர்ல படிஞ்சு, மேல தண்ணியும் பட்டா சேறு மாதிரி அடைச்சுக்கும். பிக்கப் குறையும். ஃபில்டர் கிழிஞ்சிருந்தா தூள் உள்ளே போய் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். ரேடியேட்டர் இடுக்குல அடைச்சா இன்ஜின் சூடாகும்.

நனைஞ்ச பேப்பர் ஃபில்டரைக் காய வெச்சுப் போடாதீங்க, புதுசு மாத்துங்க. பாடி மேல படிஞ்ச சாம்பலைத் துணியால துடைக்காதீங்க, கீறல் விழும். நிறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க. கொஞ்சம் கொஞ்சமா வர்ற இந்தத் தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது. அதனால நேரத்துக்கு ஃபில்டர் மாத்தறதுதான் இதுக்கு இன்ஷூரன்ஸ்.

இப்போ பாலிசிக்கு வருவோம்

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வெச்சிருந்தா வெள்ளத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில வெள்ளச் சேதம் கவர் ஆகும். ஆனா தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணதால வந்த இன்ஜின் சேதத்தை, "பின்விளைவு"ன்னு சொல்லி நிராகரிக்கலாம். நண்பருக்கு அதுதான் நடந்துச்சு. இதுக்குத்தான் இன்ஜின் புரொடெக்ட் ஆட் ஆன்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மூன்றரை வயசு கார், 1,500 சிசிக்குள்ள. மெட்டல் பார்ட்ஸ் ₹80,000, லேபர் ₹20,000, மொத்த பில் ₹1,00,000.

- கிளெய்ம் நிராகரிச்சா: முழு ₹1,00,000 உங்க பாக்கெட்ல இருந்து.
- இன்ஜின் புரொடெக்ட் இருந்து ஏத்துக்கிட்டா: 25% தேய்மானம் ₹20,000, கட்டாயக் கழிவு ₹1,000. உங்க செலவு ₹21,000.
- ஜீரோ டெப்பும் சேர்ந்து இருந்தா: ஏறக்குறைய ₹1,000 மட்டும்.

ஆனா சின்ன பில்லுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீங்க. பில் ₹4,000, உங்க நோ கிளெய்ம் போனஸால வருஷம் மிச்சமாகறது ₹4,000ன்னு வைங்க. கிளெய்ம் போட்டா கையில வர்றது ₹3,000தான், அடுத்த ரின்யூவல்ல அந்த போனஸ் பூஜ்ஜியமாயிடும். நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

பாலிசி பிடிஎஃப்பைத் திறங்க. ஆட் ஆன் பட்டியல்ல "இன்ஜின் புரொடெக்ட்" இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அடுத்த ரின்யூவல்லயே கேளுங்க. வண்டி வயசாயிட்டா சில கம்பெனிகள் தராது, அதனால தள்ளிப் போடாதீங்க. நிபந்தனைகளையும் ஒருமுறை படிச்சிடுங்க.

என் நண்பர் அந்த இன்ஜின் பில்லைக் கட்ட பர்சனல் லோன் எடுத்தார். கார் லோனோட சேர்த்து ரெண்டு இஎம்ஐ. உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம். வீட்ல கார் ஓட்டற எல்லாருக்கும் இதை அனுப்புங்க. உங்க அனுபவத்தைக் கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல பேசலாம்!