சுருக்கினால் தியானம் கெடுமா?

'பைனாரல் பீட்ஸ்' என்ற பெயரில் யூடியூபில் மணிக்கணக்காக ஓடும் ஒலிப்பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. தியானத்துக்கு, தூக்கத்துக்கு, படிப்பில் கவனத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது: எம்பி3-யாகச் சுருக்கிய ஃபைலைக் கேட்டால் பலன் போய்விடும், சுருக்காத 'வேவ்' ஃபைலைத்தான் கேட்க வேண்டும். பெரிய ஃபைலுக்கு விலையும் பெரிது. இந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய வியாபாரமும் இருக்கிறது.

காற்றில் இல்லாத விம்மல்

இடது காதில் 200 ஹெர்ட்ஸ் ஒலி, வலது காதில் 210 ஹெர்ட்ஸ். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே ஏற்ற இறக்கம் இல்லாத வெறும் ரீங்காரம். ஹெட்போன் வழியாக இரண்டையும் சேர்த்துக் கேட்டால், விநாடிக்கு 10 முறை ஏறி இறங்கும் ஒரு மெல்லிய விம்மல் தலைக்குள் எங்கோ கேட்கும்.

தம்புராவில் இரண்டு சாரணித் தந்திகளும் ஒரே ஸட்ஜத்தில் சேராமல் இம்மியளவு விலகி நின்றாலும் நாதம் அலை அலையாக அடிக்கும். அந்த விம்மல் காற்றிலேயே இருப்பது, ஒரு காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். பைனாரல் விம்மல் அப்படியல்ல. இரு காதுகளிலிருந்தும் வரும் நரம்புத் துடிப்புகள் மூளைத்தண்டில் 'சுப்பீரியர் ஆலிவ்' என்ற இடத்தில் சந்திக்கின்றன. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கணிப்பதற்காக, எந்தக் காதில் முன்னே, எந்தக் காதில் பின்னே என்று ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் அது. அந்த ஒப்பீட்டில் பிறப்பதுதான் இந்த விம்மல்.

1839-இல் பிரஷ்ய இயற்பியலாளர் ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவே, இசைக்கவைகளை வைத்து இதைக் கண்டறிந்தார். 1973-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஜெரால்டு ஆஸ்டர் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக அறியச் செய்தது. 1975-இல் அமெரிக்காவின் ராபர்ட் மன்றோ, ஒலியால் தூக்கத்தைத் தூண்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை ஒலி ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் நரம்புகளால் அதன் அலையை ஒவ்வொன்றாகப் பின்தொடர முடியாது, விம்மலும் தேய்ந்துவிடும். இரண்டுக்குமான இடைவெளி 30 ஹெர்ட்ஸைத் தாண்டினால் விம்மல் மறைந்து இரண்டு தனி ஒலிகளாகப் பிரிந்துவிடும்.

சுருக்கும்போது எது போகிறது?

சிடி தரத்தில் ஒரு விநாடி ஸ்டீரியோ ஒலியை எழுத சுமார் 1,411 கிலோபிட் தேவை. 128 கிலோபிட் எம்பி3 அதைப் பதினொன்றில் ஒரு பங்காக்குகிறது. காது எப்படியும் தவறவிடுவதைத் தூக்கி எறி என்பதுதான் இதன் சூத்திரம். ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனக் குழுவினரும் செதுக்கிய வித்தை இது. உரத்த ஒலியின் நிழலில் ஒளிந்திருக்கும் சன்னமான ஒலி முதலில் போகும். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சொலியும் பெரும்பாலும் போய்விடும்.

நம்முடைய 200 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு இந்த இரண்டாலும் ஆபத்து இல்லை. ஒரு தடத்தில் ஒரே ஒலி என்பதால் பக்கத்து ஒலி அதை மறைத்துவிடும் பேச்சுக்கே இடமில்லை. சுருக்கி விரிப்பதால் வரும் தாமதமும் இரு தடங்களுக்கும் சமம். ஆகவே 10 ஹெர்ட்ஸ் இடைவெளி அப்படியே பிழைத்திருக்கும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இடத்தைச் சேமிக்க, இடது வலது என்று எழுதாமல் இரண்டையும் கூட்டி ஒன்று, கழித்து ஒன்று என்று எழுதும் வழக்கம் உண்டு. இதற்கு 'ஜாயின்ட் ஸ்டீரியோ' என்று பெயர். சாதாரணப் பாட்டில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் கழித்து வருவது சொற்பம். பைனாரல் பதிவில் அப்படியில்லை. கூட்டல் விநாடிக்கு 10 முறை ஏறி இறங்கும், அது இறங்கும்போதெல்லாம் கழித்தல் ஏறும். இரண்டுக்கும் சம மதிப்பு. போதுமான பிட் கிடைத்தால் இடதும் வலதும் பழுதில்லாமல் திரும்பி வரும். பிட் பஞ்சம் வந்தால் கணக்கு தவறி, இடது ஒலியின் ஒரு கீற்று வலது பக்கம் கசியும். மேலே மழைச் சத்தத்தைக் கொட்டி அடியில் ரீங்காரத்தை ஒளித்துவைத்த பதிவுகளுக்கு இந்த அபாயம் அதிகம். இரைச்சலைச் சுருக்குவது கடினம், பெரும்பங்கு பிட்டை அதுவே தின்றுவிடும்.

உண்மையான சேதம் இன்னும் கீழே நடக்கிறது. மிகக் குறைந்த பிட்டில் இணைய ஒலிபரப்புக்குப் பயன்படும் 'ஹெச்இ-ஏஏசி' இரண்டாம் பதிப்பு, இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்ற குறிப்பை மட்டும் கூட அனுப்புகிறது. 200-உம் 210-உம் அங்கேயே கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. மோனோவாக்கினாலும் இதே கதி.

ஃபைல் நல்லது, போன் கெட்டது

பல வீடுகளில் சுருக்கத்துக்கு முன்பே காரியம் கெட்டுவிடுகிறது. ஸ்பீக்கரில் போட்டால் இரு ஒலிகளும் காற்றில் கலந்துவிடும். ஒற்றை இயர்பட் மாட்டிக்கொண்டாலும் கதை முடிந்தது. போனின் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' எப்போதோ தட்டிவிடப்பட்டு அப்படியே இருக்கலாம். சினிமா தியேட்டர் போலக் கேட்க வைக்கும் சரவுண்டு வசதிகள் ஒரு பக்க ஒலியை மறுபக்கமும் கொஞ்சம் ஊற்றுகின்றன. ப்ளூடூத் தாமதத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். மாறாத தாமதம் விம்மலின் வேகத்தை மாற்றாது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மழை, இசை எதுவும் சேராத வெறும் ரீங்காரப் பதிவு ஒன்றைப் போட்டு, ஒரு பக்க இயர்போனைக் கழற்றுங்கள். விம்மல் நின்று மொட்டை ரீங்காரம் மட்டும் கேட்டால் பதிவும் போனும் சரி. ஒற்றைக் காதிலும் விம்மல் தொடர்ந்தால், ஒலிகள் வழியில் எங்கோ கலந்துவிட்டன. கவனியுங்கள்: கலந்துபோன பதிவில்தான் விம்மல் பலமாகக் கேட்கும். 'அடடா, என்ன எஃபெக்ட்!' என்று நாம் வியப்பது பெரும்பாலும் கெட்டுப்போன பதிவைத்தான்.

கெட்டால்தான் என்ன?

2020-இல் 'ஈநியூரோ' இதழில் வெளியான ஆய்வு, பைனாரல் விம்மலையும் காற்றிலேயே கலந்த விம்மலையும் ஒப்பிட்டது. மூளை அலைகளை அதிகம் தன் தாளத்துக்கு இழுத்தது கலந்த விம்மல்தான். மனநிலையை இரண்டுமே மாற்றவில்லை. மூளை அலைகள் பைனாரல் தாளத்துக்கு இசைகின்றனவா என்று 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது 2023-இல் வந்த ஒரு மதிப்பாய்வு. ஐந்து ஆம் என்றன, எட்டு இல்லை என்றன, ஒன்று இரண்டுங்கெட்டான்.

அதற்காக எல்லாம் வெற்றுப் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. 2005-இல் 'அனஸ்தீசியா' இதழில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 108 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. பைனாரல் ஒலி சேர்ந்த பதிவைக் கேட்டவர்களின் பதற்றம் 26.3 சதவீதம் குறைந்தது. அந்த ஒலி இல்லாத அதே மாதிரிப் பதிவைக் கேட்டவர்களுக்கு 11.1, எதுவும் கேட்காதவர்களுக்கு 3.8 சதவீதம்.

ஆகவே நிம்மதி கிடைக்கிறது என்றால் கேளுங்கள். 128 கிலோபிட்டோ அதற்கு மேலோ உள்ள சாதாரண ஸ்டீரியோ ஃபைல் போதும். இரு காதிலும் மாட்டிக்கொண்டு, மோனோவையும் சரவுண்டையும் அணைத்து, ஒலியைத் தாழ்வாக வையுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சுருக்காத ஃபைல் என்பதற்காக மட்டும் யாராவது கூடுதல் காசு கேட்டால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல இயர்போன் வாங்கிக்கொள்ளலாம். பாட்டுக் கேட்கவாவது உதவும்.