மலை பெயர்க்கும் யந்திரங்கள்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு கிணறு வெட்டினார்கள். இன்றைய அளவில் சொல்வதானால், நீளமும் அகலமும் பத்துப் பத்து மீட்டர். 12 மீட்டர் ஆழம் போன பிறகுதான் ஊற்றுக் கண் திறந்தது. கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையுமாகப் பன்னிரண்டு பேர் பாடுபட்டும் இரண்டு கோடைகள் அந்த ஒரு வேலையிலேயே கழிந்தன. வெட்டி வெளியேற்றிய மண் 1,200 கன மீட்டர்.

அதே அளவுள்ள கிணறுகளை, ஏழு நிமிஷத்துக்கு ஒன்றாக, நாளொன்றுக்கு 200 வெட்டக்கூடிய ஒரு யந்திரம் இருக்கிறது என்றால் நேயர்கள் அதை மாயக் கதை என்றே எண்ணக்கூடும். ஆனால் அது கதையன்று. ஜெர்மனி நாட்டில், ரைன் நதிப் பிரதேசத்திலுள்ள நிலக்கரிச் சுரங்கங்களுக்காக, கிரப் என்னும் கம்பெனியார் 1978-ல் கட்டி முடித்த யந்திரம் அது. ‘பாகர் 288’ என்பது அதன் பெயர். பாகர் என்றால் ஜெர்மன் மொழியில் தோண்டும் யந்திரம். நாளொன்றுக்கு அது அகற்றக்கூடிய மண் 2,40,000 கன மீட்டர்.

அதன் உருவத்தை மனக்கண்ணால் காண, நாமறிந்த ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்த நிலையில் 96 அடி உயரம். எடை ஏறக்குறைய 300 டன். இந்த யந்திரத்தின் உயரமும் 96 தான்; ஆனால் அடியன்று, மீட்டர்! எடையோ சுமார் 13,500 டன். அதாவது நாற்பத்தைந்து ஆழித்தேர்களை ஒருசேரத் தராசில் ஏற்றியதற்குச் சமம். நீளம் 220 மீட்டர். இதற்குப் பின் 1995-ல் உருவான ‘பாகர் 293’ இதனினும் சற்றுப் பெரியது. அதன் எடை 14,200 டன்.

இவ்வளவு பெரிய யந்திரம் வேண்டியதன் காரணம் என்ன? பெருமைக்காக யாரும் இதைக் கட்டவில்லை. அங்கே தோண்டி எடுக்கும் பொருள் மிக எளிய பொருள் என்பதே காரணம். பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி வெறும் தண்ணீர். நல்ல கருப்பு நிலக்கரி தரும் வெப்பத்தில் அது தருவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். தொலைதூரம் கொண்டு சென்றால் வண்டிக் கூலிக்கே கட்டுப்படியாகாது. ஆகவே சுரங்கத்தின் அருகிலேயே அதை எரித்து மின்சாரமாக்கவேண்டும். அதுவும் மலைமலையாக எரிக்கவேண்டும். அதற்கு முன்னால், அதை மூடிக் கிடக்கும் மண்ணை மிக மலிவாக அகற்றவேண்டும். எரிபொருள் ஏழையாக இருப்பதனால்தான் யந்திரம் இவ்வளவு பெரிதாக வேண்டியிருக்கிறது.

மலிவாக மண் அகற்றும் உபாயம் என்ன என்பதை நம் கமலையே நமக்குக் கற்பிக்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் நீரோடு மேலே வருகிறது. பிறகு அவை பின்னோக்கி நடந்து மேடேறவேண்டும். அந்த நேரமெல்லாம் சால் வெறுமையாகக் கீழே இறங்குகிறது. உழைப்பில் பாதி வீண். ஒற்றை வாளி கொண்டு தோண்டும் யந்திரங்களுக்கும் இந்தக் குறை உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் 1969 முதல் 1991 வரை உழைத்த ‘பிக் மஸ்கி’ அவ்வகையைச் சேர்ந்தது. அதன் வாளி ஒரே முறையில் 168 கன மீட்டர் மண்ணை அள்ளும். எனினும் ஒரு முறை அள்ளிக் கொட்டிய பிறகு மறுபடியும் வெறுமையாகத் திரும்பித்தான் தீரவேண்டும்.

ஜெர்மானியப் பொறியியலார் மேற்கொண்ட வழி வேறு. நீண்ட இரும்புக் கையொன்றின் நுனியில் ஒரு பெரும் சக்கரம். அதன் குறுக்களவு 21.6 மீட்டர். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் பதினெட்டு வாளிகள், ஒவ்வொன்றும் 6.6 கன மீட்டர் கொள்ளும். வாளிகளின் வாயில் உருக்குப் பற்கள். சக்கரம் சுழல, கையோ இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மெல்ல வீசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வாளியும் எதிரேயுள்ள மண் சுவரிலிருந்து பிறைபோல் ஒரு துண்டைச் சீவிக்கொண்டு மேலே ஏறும். உச்சிக்கு வந்ததும் தன் பாரத்தாலேயே மண் சரிந்து ஓடும் பட்டையில் விழும். ஒரு வாளி கொட்டும்போது மற்றொன்று அள்ளிக்கொண்டிருக்கும். வெறும் நடை என்பதே கிடையாது.

கன்வேயர் என்று சொல்லப்படும் அந்தப் பட்டை, மண்ணை யந்திரத்தின் உடல் வழியாகப் பின்புறம் கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து பல கிலோமீட்டர் நீளமுள்ள வேறு பட்டைகள் அதை ஏந்திச் சென்று, பள்ளத்தின் மறு கரையில் மண் பரப்பும் யந்திரத்திடம் ஒப்படைக்கின்றன. தோண்டும் சக்தி முழுவதும் மின்சாரம். தரையில் இழுபட்டு வரும் தடித்த கேபிளின் வழியே சுமார் 16 மெகாவாட் மின்சாரம் வந்து சேருகிறது. இத்தனையையும் இயக்க ஒரு வேளைக்குச் சிலரே போதும்.

இவ்வளவு பாரமுள்ள பொருள் மண்ணில் புதையாமல் நிற்பது எப்படி? அதன் அடியில் சங்கிலிப் பட்டை கோத்த பாதங்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 3.8 மீட்டர் அகலம். அவை பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால், தரையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் அழுத்தம் 1.7 கிலோகிராம்தான். நின்றுகொண்டிருக்கும் எருதின் குளம்பு ஊன்றும் அழுத்தமும் ஏறக்குறைய இவ்வளவே.

2001-ம் ஆண்டு பிப்ரவரியில் உலகம் இதைக் கண்கூடாகக் கண்டது. ஹம்பாக் என்னும் சுரங்கத்தில் அதன் பணி முடிந்து, 22 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கார்ஸ்வைலர் சுரங்கத்துக்கு அதைக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கழற்றி எடுத்துச் சென்று மீண்டும் பூட்டுவதைவிட நடத்திச் செல்வதே மலிவு என்று கண்டார்கள். வழியெல்லாம் புல் விதைத்து மெத்தென்ற பாதை அமைத்தார்கள். எர்ஃப்ட் நதியில் தண்ணீர் ஓடப் பெருங்குழாய்களைப் பதித்து, அவற்றின் மேல் கல்லும் சரளையும் பரப்பினார்கள். நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, மூன்று வாரங்களில் அந்தத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வகை யந்திரங்கள் நம் மண்ணுக்கும் புதியவை அல்ல. தென்னாற்காட்டில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930-களில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கறுத்த பொருள் வெளிவந்ததே நெய்வேலியின் தொடக்கம். 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண்ணை அகற்றுவதிலேயே சென்றன. ஜெர்மனியின் இளகிய மண்ணுக்கென்று வகுத்த வாளிச் சக்கரங்கள் இங்கே கடினமான மணற்பாறையைச் சந்தித்தன. பற்கள் விரைவில் தேய்ந்தன. பற்களை உறுதிப்படுத்தியும், முன்கூட்டியே வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தியும் நம் பொறியியலார் அந்த இடையூற்றை வென்றார்கள். நிலக்கரிக்கு அடியிலிருந்து ஊற்று நீர் மேல்நோக்கி முட்டுவதால், இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டியும் இருந்தது.

அந்தச் சுரங்கத்தின் விளிம்பில் நான் ஒரு முறை நின்றிருக்கிறேன். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்றவேண்டும் என்று உடன் வந்தவர் சொன்னபோது, என் நினைவு எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடியது. கிணறு வெட்டிய காலத்தில் என் தந்தையார் ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தார். முதல் இரண்டு முழ ஆழத்து மண்ணை வயலில்தான் கொட்டவேண்டும். அடியிலிருந்து வரும் சரளையையும் கல்லையும் வரப்போரத்தில்தான் குவிக்கவேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் கிணற்றில் நீர் இருந்தும் வயலில் விளைவு இராது என்பார். “வெட்டுவது பாதி வேலை, கொட்டுவது பாதி வேலை” என்பது அவர் வாக்கு.

இந்த வாக்கு பெரிய சுரங்கத்துக்கும் பொருந்துவது கண்டு வியக்கிறேன். ரைன் பிரதேசத்தில் மேற்பரப்பிலுள்ள வளமான வண்டலைத் தனியே எடுத்து வைத்து, தூர்த்த பள்ளத்தின் மேல் அதைப் பரப்பி, மீண்டும் கோதுமை விளைவிக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட முடிவதில்லை. கார்ஸ்வைலர் சுரங்கத்தின் பாதையில் இருந்த இம்மெராத் என்னும் கிராமத்தின் மாதா கோயிலை 2018 ஜனவரியில் இடித்தார்கள். அங்கே கும்பிட்டவர்கள் வேறிடத்தில் குடியமர்ந்தார்கள். வண்டலைத் திரும்பப் பரப்பலாம். ஓர் ஊரின் தெருக்களை எந்தப் பட்டையில் ஏற்றித் திரும்பக் கொண்டுவருவது?

நிலக்கரிப் புகையால் உலகின் வெப்பம் ஏறுவதை உணர்ந்து, ரைன் பிரதேசத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுப்பதை 2030-ல் முடித்துக்கொள்வதென்று 2022-ல் முடிவு செய்தார்கள். ஹம்பாக்கின் பெரும் பள்ளத்தை ரைன் நதி நீரால் நிரப்பி ஏரியாக்கப் போகிறார்கள். நிரம்பப் பல பத்தாண்டுகள் செல்லும். பிக் மஸ்கியை 1999-ல் உடைத்துவிட்டார்கள். அதன் வாளி மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. கிழக்கு ஜெர்மனியில் ‘ஃபெர்ரோபோலிஸ்’ என்னும் இடத்தில் ஓய்வுபெற்ற ஐந்து யந்திரங்கள் ஏரிக் கரையில் நிற்கின்றன. அவற்றின் நடுவே இசை விழா நடக்கிறது.

யந்திரத்தின் வாழ்நாள் சில பத்தாண்டுகள். அது விட்டுச் செல்லும் நிலமோ தலைமுறைகளுக்கு உரியது. எங்கள் கிணற்றை வெட்டிய கடப்பாரைகள் என்றோ தேய்ந்து மறைந்தன. என் தந்தையார் மேல்மண்ணைப் பரப்பச் சொன்ன அந்த வயல் மட்டும் இன்றும் விளைந்துகொண்டிருக்கிறது.