இடுப்புக்குள் பழுதான மூட்டு; இருப்பிடம் தெரியாத 3,600 நோயாளிகள்

புது தில்லி: பழுதான கார் ஒன்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தால், அதை வாங்கியவரின் வீட்டு முகவரிக்கே தகவல் வந்து சேர்கிறது. ஆனால், மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டு பழுதானது என்று அறிவிக்கப்பட்டபோது, அதைச் சுமந்துகொண்டிருந்த இந்தியர்களில் பெரும்பாலானோர் யார், எங்கே இருக்கின்றனர் என்பது அரசுக்கும் தெரியவில்லை. விற்ற நிறுவனத்துக்கும் தெரியவில்லை.

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் "ஏ.எஸ்.ஆர்.' செயற்கை இடுப்பு மூட்டு விவகாரம்தான் அது. மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கைப்படி, இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் இந்த மூட்டு பொருத்தப்பட்டது. நிறுவனத்தின் உதவி மையத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் 1,080 பேர் மட்டுமே. ஏறத்தாழ 3,600 பேரைக் கண்டறிய முடியவில்லை.

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒரு தயாரிப்பில் ஏற்பட்ட கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. எலும்பியல் அறுவைச் சிகிச்சைத் துறை வேகமாக வளர்ந்த அளவுக்கு அதைக் கண்காணிக்கும் சட்டங்கள் வளரவில்லை என்பதையே இந்த விவகாரம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

தேய்ந்தது எப்படி?

இயற்கையான இடுப்பு மூட்டு, ஒரு கிண்ணத்துக்குள் பந்து சுழல்வதைப் போன்றது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் இவ்விரண்டுக்கும் பதிலாகச் செயற்கைப் பாகங்கள் பொருத்தப்படுகின்றன. உலோகப் பந்தும், ஒருவகை பிளாஸ்டிக் உறையிடப்பட்ட கிண்ணமும் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளவை. நாளடைவில் பிளாஸ்டிக் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன என்பது இதில் உள்ள குறை.

இந்தக் குறையைப் போக்க, பந்து, கிண்ணம் இரண்டையுமே கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்தில் செய்யும் முறை 2000-க்குப் பின்னர் வேகமாகப் பரவியது. இளம் வயதினருக்கு நீண்ட காலம் உழைக்கும் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். இந்தியாவில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் தலைப்பகுதி அழிவதாலும், முதுகெலும்பை இறுக்கும் வாத நோயாலும் 30, 40 வயதுகளிலேயே இடுப்பு மூட்டை இழப்பவர்கள் கணிசமாக உள்ளனர். அவர்களுக்கு இது ஒரு வரமாகவே தோன்றியது.

ஆனால், ஏ.எஸ்.ஆர். மூட்டின் கிண்ணம் ஆழம் குறைந்ததாக வடிவமைக்கப்பட்டிருந்தது. பொருத்தும் கோணம் சற்றே மாறினாலும் கிண்ணத்தின் விளிம்பில் பந்து உராய்ந்தது. உராய்வில் உதிர்ந்த நுண்ணிய உலோகத் துகள்கள் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் சிதைத்தன. கோபால்ட், குரோமியம் அயனிகள் ரத்தத்தில் கலந்தன. ரத்தத்தில் கோபால்ட் அளவு மிகவும் கூடினால் இதயம், தைராய்டு, நரம்பு மண்டலம், செவித்திறன், பார்வை ஆகியவை பாதிக்கப்படலாம் என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. உலோகத்துடன் உலோகம் உராயும் மூட்டு பொருத்தப்பட்டவர்களுக்கு, ஒரு லிட்டர் ரத்தத்தில் கோபால்ட் அல்லது குரோமியம் 7 மைக்ரோ கிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவிகள் ஒழுங்குமுறை அமைப்பு 2010 ஏப்ரலில் எச்சரித்தது.

பதிவேடு பேசியது

தவறு எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பதில்தான் இந்தியாவுக்கான பாடம் இருக்கிறது. எந்த ஒரு தனி மருத்துவராலும் இதை உறுதியாகக் கூறியிருக்க முடியாது. ஒரு மருத்துவர் பொருத்திய 50 மூட்டுகளில் நான்கைந்து பழுதானால், நோயாளியின் உடல்வாகு என்றோ, தமது கைத்திறன் குறைவு என்றோதான் அவர் எண்ணுவார். நாடு முழுவதும் பொருத்தப்பட்ட மூட்டுகளை ஒரே ஏட்டில் பதிவு செய்து கணக்கிட்டால்தான் குறை கருவியில் இருப்பது தெரியவரும்.

ஸ்வீடனில் முழங்கால் மூட்டு மாற்றுக்கு 1975-லும், இடுப்பு மூட்டு மாற்றுக்கு 1979-லும் தேசியப் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. ஆஸ்திரேலியா 1999-லும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-லும் தொடங்கின. ஏ.எஸ்.ஆர். மூட்டுக்கு மறு அறுவைச் சிகிச்சை வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படுவதை ஆஸ்திரேலியப் பதிவேடு முதலில் சுட்டிக்காட்டியது. 2009 டிசம்பரில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. பொருத்தப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் சுமார் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டதாக 2010-ல் பிரிட்டிஷ் பதிவேட்டின் புள்ளிவிவரம் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ம் தேதி உலகம் முழுவதும் ஏ.எஸ்.ஆர். மூட்டுகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 93,000 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன.

தில்லியில் நடந்தது என்ன?

ஏ.எஸ்.ஆர். மூட்டை இறக்குமதி செய்ய 2006-ல் உரிமம் வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகும், 2010-ல் இங்கு உரிமம் புதுப்பிக்கப்பட்டதை நிபுணர் குழு சுட்டிக்காட்டியுள்ளது. உலக அளவில் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியாகி ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர், 2012-ல்தான் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இறக்குமதி உரிமத்தை ரத்து செய்தது. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்குமான எச்சரிக்கை 2013 டிசம்பரில் வெளியானது. இதற்கிடையே, அமெரிக்காவில் வழக்குத் தொடுத்த சுமார் 8,000 பேருக்கு ஏறத்தாழ 250 கோடி டாலர் வழங்க நிறுவனம் 2013 நவம்பரில் சமரசம் செய்துகொண்டது.

இந்திய நோயாளிகளின் குறைகளை ஆராய டாக்டர் அருண்குமார் அகர்வால் தலைமையில் நிபுணர் குழு அமைக்கப்பட்டது 2017 பிப்ரவரியில். அதாவது, திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியாகி ஆறரை ஆண்டுகள் கழித்து. 2018 பிப்ரவரியில் அறிக்கை அளித்த அக்குழு, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சம் ரூ. 20 லட்சம் இழப்பீடு வழங்கவும், மறு அறுவைச் சிகிச்சைச் செலவை நிறுவனம் 2025 ஆகஸ்ட் வரை ஏற்கவும் பரிந்துரைத்தது. இழப்பீட்டைக் கணக்கிட மற்றொரு மத்திய நிபுணர் குழு டாக்டர் ஆர்.கே. ஆர்யா தலைமையில் அமைக்கப்பட்டது. வயது, ஊனத்தின் அளவு ஆகியவற்றைப் பொருத்து ரூ. 30 லட்சம் முதல் ரூ. 1.23 கோடி வரை வழங்கும் முறைக்கு 2018 நவம்பரில் அரசு ஒப்புதல் அளித்தது.

இதை எதிர்த்து நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. பாதிக்கப்பட்டோருக்கான பரிசோதனை, மறு அறுவைச் சிகிச்சைச் செலவுகளை ஏற்றுவந்ததாகக் கூறிய நிறுவனம், மறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது உறுதி செய்யப்பட்ட 67 பேருக்குத் தலா ரூ. 25 லட்சம் வழங்கத் தயார் என்று 2019 மே மாதம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. 4,700 அறுவைச் சிகிச்சைகளுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் 67 என்ற எண்ணிக்கையின் சிறுமை புரியும்.

சட்டத்தில் இடைவெளி

இழப்பீடு வழக்காக மாறியதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில், புதிய மருந்தின் சோதனையில் பங்கேற்று பாதிக்கப்படுபவருக்கு இழப்பீடு கோர விதிமுறைகள் உள்ளன. சந்தையில் விற்கப்பட்ட மருத்துவக் கருவி பழுதாகி பாதிக்கப்படுபவருக்கு அத்தகைய ஏற்பாடு செய்யப்பட்டிருக்கவில்லை. சோதனைக்கு உள்படுபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பணம் கொடுத்து வாங்கியவருக்கு இல்லை என்பது விசித்திரமான நிலை.

எலும்பியல் கருவிகள், எலும்பு சிமெண்ட் உள்ளிட்ட 10 வகைக் கருவிகள் 2005 அக்டோபரில்தான் இச்சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் 2017-ல் வெளியிடப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எல்லா மருத்துவக் கருவிகளையும் உள்ளடக்கும் அறிவிக்கை 2020-ல் வெளியானது. கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது.

கண்காணிக்க வேண்டிய அமைப்பின் வலிமையைப் பற்றி நாடாளுமன்றமே கவலை தெரிவித்துள்ளது. சுகாதாரத் துறைக்கான நிலைக்குழு 2012 மே மாதம் தாக்கல் செய்த 59-வது அறிக்கை, மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாட்டைக் கடுமையாகச் சாடியது. அனுமதிக்கப்பட்ட 327 பணியிடங்களில் 124 இடங்களில் மட்டுமே ஆள்கள் இருந்ததை அது பதிவு செய்தது. அதே குழு 2022 செப்டம்பரில் மருத்துவக் கருவிகள் குறித்து அளித்த 138-வது அறிக்கையில், உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகளுக்குப் பதிவேடு தேவை என்று வலியுறுத்தியது.

விலை குறைந்தது, பிறகு?

எலும்பியல் துறையில் அரசு துணிந்து தலையிட்டது விலையில்தான். 2017 ஆகஸ்ட் 16-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுக் கருவிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் கருவியின் சராசரி விலை ரூ. 1,58,324-லிருந்து ரூ. 54,720 ஆனது. டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகக் கருவியின் விலை ரூ. 2,49,251-லிருந்து ரூ. 76,600 ஆகக் குறைந்தது. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், மருத்துவமனை எனக் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் லாபம் ஏற்றப்பட்டதை ஆணையத்தின் ஆய்வு அம்பலப்படுத்தியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு இது பெரிய நிவாரணம். ஆனால், அந்த ஆணையில் இடுப்பு மூட்டுக் கருவிகள் சேர்க்கப்படவில்லை.

விலைக்கு உச்சவரம்பு இருக்கிறது. தரத்தைத் தொடர்ந்து கண்காணிக்கக் கட்டாய ஏற்பாடு இல்லை. எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, இந்திய உடல்வாகில், சம்மணமிட்டு அமர்ந்தும் குத்துக்காலிட்டும் பழகியவர்களின் மூட்டில், பத்து ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு நாடு தழுவிய விடை தேவை. இந்திய இடுப்பு, முழங்கால் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 2006-லேயே ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. அது மருத்துவர்களின் விருப்பத்தைச் சார்ந்ததாகவே அமைந்தது.

பதிவேட்டைக் கட்டாயமாக்குவதில் அரசியல் சட்டச் சிக்கலும் உள்ளது. மருந்துகள் பொதுப் பட்டியலில் உள்ளன. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. கருவிக்கு உரிமம் கொடுப்பது தில்லி. அதைப் பொருத்தும் அறுவை அரங்கு மாநிலத்தின் பொறுப்பு. எனினும், உரிமத்தின் நிபந்தனையாகவே பதிவை வலியுறுத்த மத்திய அரசால் முடியும். ஒவ்வொரு கருவியும் தொடர் எண் ஒட்டிய சீட்டுடன்தான் வருகிறது. அந்த எண்ணை நோயாளியின் பெயருடன் சேர்த்துப் பதிவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

மருத்துவர்களின் பொறுப்பு

மருத்துவத் துறையும் தனது பங்கை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தக் கருவியைப் பொருத்துவது என்பதை நோயாளி தீர்மானிப்பதில்லை, மருத்துவர்தான் தீர்மானிக்கிறார். நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு பெறுவதற்கு இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் தடை விதித்தது. மருத்துவக் கருவி நிறுவனங்களின் விற்பனை நடைமுறைக்கென மத்திய அரசு 2024-ல் தனி நெறிமுறையை வெளியிட்டது. இவற்றின் பயன், மீறுவோர்மீது எடுக்கப்படும் நடவடிக்கையைப் பொருத்தது.

மறு அறுவைச் சிகிச்சை என்பது முதல் சிகிச்சையைவிடக் கடினமானது. எலும்பு குறைந்திருக்கும், ரத்த இழப்பு அதிகம், பழைய நடை திரும்பும் என்பதற்கும் உறுதியில்லை. உலோகப் பாதிப்பு முற்றும் முன்னர் கண்டறியப்பட்டால் சேதத்தைக் குறைக்கலாம். அதற்கு முதலில் நோயாளிக்குத் தகவல் தெரிய வேண்டும். 2004 முதல் 2010 வரை இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், தங்களது சிகிச்சைச் சுருக்கத்தில் உள்ள கருவியின் பெயரையும் எண்ணையும் பார்ப்பது நல்லது. ஏ.எஸ்.ஆர். என்றிருந்தால், வலி இல்லாவிட்டாலும், எலும்பியல் நிபுணரை அணுகி ரத்தத்தில் உலோக அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மருந்துகள், மருத்துவக் கருவிகள், அழகுசாதனப் பொருள்களுக்கான புதிய சட்ட வரைவை மத்திய அரசு 2022 ஜூலையில் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. கருவியால் பாதிக்கப்படுபவருக்கு இழப்பீடு, கட்டாயப் பதிவேடு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஒவ்வொரு நோயாளிக்கும் சென்று சேர்வதற்கான காலக்கெடு ஆகிய மூன்றும் சட்டத்தில் தெளிவாக இடம்பெறுகின்றனவா என்பதைக் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். அடுத்த பழுதான கருவி எது என்பது எவருக்கும் தெரியாது. ஆனால், அது யாருடைய உடலில் இருக்கிறது என்பதாவது அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.