தேயிலை விலைப்பட்டியலும் இணையத்தின் பாணியும்

மாணவர்களே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சுற்றுலா போனால், கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்தித் தரம் பிரிப்பதைப் பார்க்கலாம். தேயிலை விற்ற பிறகு நடக்கும் ஒரு பயணம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. விலைப்பட்டியல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகும் பயணம் அது.

மலேசியாவில் 2024 ஆகஸ்டு 1 முதல் மின் விலைப்பட்டியல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதலில், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு அது கட்டாயமானது. நிறுவனத்தின் மென்பொருள், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் 'மைஇன்வோய்ஸ்' அமைப்புடன் 'ரெஸ்ட்' எனும் பாணியில் பேசலாம். 2000-ஆம் ஆண்டு, ராய் ஃபீல்டிங் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில் இப்பெயரைச் சூட்டினார். இணையம் ஏன் இவ்வளவு பெரிதாக வளர முடிந்தது என்பதை அது விளக்குகிறது.

இதன் விதிகள் எளியவை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. 'கெட்' என்றால் காட்டு, 'போஸ்ட்' என்றால் புதிதாகச் சேர், 'புட்' என்றால் இந்த முகவரியில் வை. வழங்கி முந்தைய உரையாடலை நினைவில் வைப்பதில்லை. தேவையான விவரம் முழுவதையும் ஒவ்வொரு கோரிக்கையும் சுமந்து வரும். அதனால் ஒரு வழங்கி பழுதானாலும் இன்னொன்று பதில் சொல்லும்.

பக்கங்களைப் படிக்க உதவிய இந்தப் பாணி, பணக் கணக்குக்கும் பொருந்துமா?

மலையில் இணைப்பு அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலை அனுப்பியாயிற்று; பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா? 'கெட்', 'புட்' இரண்டையும் எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. 'போஸ்ட்' அப்படியல்ல, ஒரே விற்பனைக்கு இரண்டு பட்டியல்கள் உருவாகக்கூடும். எனவே பட்டியல் எண்ணைப் பார்த்து இரட்டைப் பதிவைத் தடுக்கும் ஏற்பாடு தேவை.

சரிபார்க்க நேரமும் ஆகும். மைஇன்வோய்ஸ் உடனே முடிவு சொல்வதில்லை. தையற்காரர் துணியை வாங்கிக்கொண்டு ரசீது தருவதுபோல, ஓர் அடையாள எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைச் சொல்லிப் பிறகு முடிவைக் கேட்க வேண்டும். தவறு நேர்ந்தால், சரிபார்த்த 72 மணி நேரத்துக்குள் பட்டியலை ரத்துசெய்யலாம்.

ஆக, ஒருவரையொருவர் அறியாத பல நிறுவனங்களின் மென்பொருள்கள் சந்திக்கும் வாசலுக்கு ரெஸ்ட் நன்றாகப் பொருந்துகிறது. இருப்பைக் குறைப்பதும் பணத்தை வரவு வைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக்கூடாது என்ற உறுதியை அது தானாகத் தராது. அந்த வேலையை ஒரே தரவுத்தளத்துக்குள் முடிப்பது நல்லது.

படிவம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தால், 'மீண்டும் அனுப்பவா?' என்று உலாவி கேட்கும். ஏன் கேட்கிறது என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்.