படிகளும் பயிற்சிக் கூடமே!

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது பழமொழி. பேச்சுப் போட்டிகளில் இதைப் பலமுறை முழங்கியிருக்கிறோம். ஆனால், பத்தாம் வகுப்பிற்கு வந்ததும் விளையாட்டுப் பாடவேளையில் "கணக்கு நடத்துங்கள், டீச்சர்" என்று கேட்டு வாங்கியவர்களும் நாங்களே! அத்தவற்றை எங்களுக்கு உணர்த்தியவை ஆகாய கங்கையின் படிகள்.

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலருகேயிருந்து அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. சிரித்துக்கொண்டே இறங்கிய நாங்கள், ஏறும்போது இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தோம். எங்களுள் பலர் இம்மலையிலேயே பிறந்து, விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். சிறு வயதில் மேடுபள்ளம் பாராமல் சாமைக் காட்டுக்கு நடந்த கால்கள்தாம் அவை! பின்னால் வந்த பாட்டி ஒருவர், "ஏன் கண்ணுங்களா, அதுக்குள்ள உக்காந்துட்டீங்க?" என்று கேட்டபடியே எங்களைக் கடந்து போனார். வெட்கித் தலைகுனிந்தோம்.

படியேறும்போது நம் உடல் எடை முழுவதையும் தொடைத் தசைகள் மேலே தூக்குகின்றன. அவற்றுக்கு மிகுதியான பிராணவாயு தேவைப்படுவதால் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. நாள்தோறும் பழகினால் இதயம் வலுப்பெறும். எலும்புகள் உறுதி பெறுவதும் பெரும்பாலும் நம் வயதில்தான். நடத்தல், ஓடுதல், குதித்தல், படியேறுதல் ஆகியவை அதற்குத் துணைபுரிகின்றன.

இதற்குத் திடலும் கருவிகளும் வேண்டுமே என்கிறீர்களா? எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவைப் பாருங்கள். அது நம் கொல்லிமலையைவிட உயரமான இடத்தில், 2,300 மீட்டருக்கு மேல் அமைந்த நகரம். அங்கே மெஸ்கல் சதுக்கம் என்றொரு பொதுவிடம் உண்டு. 'மெஸ்கல்' என்றால் சிலுவை. திருச்சிலுவை கண்டெடுக்கப்பட்ட விழாவை அங்குதான் கொண்டாடுகிறார்கள். விழாவன்று மக்கள் அமரும் அரைவட்டப் படிவரிசைகளே மற்ற நாட்களில் பயிற்சிக் கூடம்! விடியற்காலையில் இளைஞரும் முதியவரும் அவற்றில் ஓடிப் பழகுவது அந்நகரின் வழக்கம். கட்டணமில்லை, கருவியுமில்லை.

அந்நாட்டு வீரர் அபேபே பிகிலா, 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். மலைநாட்டுச் சிற்றூரில் பிறந்த டெரார்ட்டு துலு, 1992-இல் பார்சிலோனாவில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வென்று, ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் எத்தியோப்பியப் பெண்மணியானார்.

நம் வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள சிறுமியருள் நூற்றுக்கு 85 பேர் அந்த அளவை எட்டவில்லை. சிறுவருள் எட்டாதவர் 78 பேர். இருபாலாருமே பின்தங்கியிருக்கிறோம், நாமோ இன்னும் பின்தங்கியிருக்கிறோம். "பெரிய பிள்ளை தெருவில் ஓடலாமா?" என்ற ஒரு கேள்வியே நம்மில் பலரை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறது.

அன்புப் பெற்றோரே! தனியே அனுப்ப அஞ்சினால் நீங்களும் எங்களுடன் நடக்க வாருங்கள். அம்மாவுக்கும் அது நல்லதுதானே! தோழியரே, நால்வராகச் சேருங்கள். ஊர்ச் சாலையும் கோயில் படியும் பள்ளி மாடிப்படியும் நமக்குப் போதும்.

நாங்கள் இப்போது கணக்கை மாலையில் போடுகிறோம்; விளையாட்டு வேளையில் விளையாடுகிறோம். அடுத்த முறை அந்தப் பாட்டியுடன் நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்பதே எங்கள் ஆசை!